அறுந்துடுச்சு என்று கத்தியவன்

என் மகள் மேனகா பியானோ வாசிப்பாள் என்றால் எங்கள் நெல்லித்தோப்பில் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். மில் தொழிலாளி மகள். கான்வென்ட்டில் ஒரு சிஸ்டர் சும்மாவே சொல்லிக் கொடுத்தார். சும்மா யார் எதைச் செய்வார்கள் என்று பல வருஷம் சந்தேகப்பட்டவன் நான்.

போன ஞாயிறு சாயங்காலம் கடற்கரைப் பக்கத்து ஹாலில் அவள் முதல்முறையாகத் தனியாக வாசித்தாள். முப்பது வருஷம் எனக்குப் பக்கத்தில் தறி ஓட்டிய தணிகாசலத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் கூட்டத்தில் தனியாக உட்கார எனக்குத் தைரியம் இல்லை.

பாட்டு தண்ணீரைப் பற்றியதாம். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதியதாம். மெட்டு எப்போது தொடங்கும் என்று பார்த்தேன். தொடங்கவே இல்லை. ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, பிறகு சலசலவென்று ஒரு ஓட்டம், மறுபடி சொட்டு. முன்னால் ஒரு வெள்ளைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு அம்மாள் மூக்கை உறிஞ்சினாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு அந்த பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். புரிந்து ஆட்டுகிறாரா, பக்கத்து ஆளைப் பார்த்து ஆட்டுகிறாரா, யார் கண்டது?

“தூறல் போடற மாதிரி இருக்குதுல்ல காசி?” என்று தணிகாசலம் என் காதோரம் சொன்னான். மில் ஆள் காதோரம் சொன்னால் நாலு வரிசைக்குக் கேட்கும். எல்லாரும் திரும்பி முறைத்தார்கள்.

அப்போது சத்தம் மெலிந்தது. ஒற்றை இழையாகி, அதுவும் நின்றது. நாலு தறி பார்த்தவனுக்குக் காதுதான் கண். சத்தம் இப்படி நின்றால் நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அசந்தால் துணி பாழ். யோசித்துச் செய்கிற காரியமா அது?

“அறுந்துடுச்சு! நிறுத்து!”

கத்திவிட்டேன். ஹாலே திடுக்கிட்டது. யாரோ சிரித்தார்கள். மேனகாவின் விரல் ஒரு கட்டையைத் தப்பாக அழுத்தியது. பிறகு எப்படியோ பிடித்துக்கொண்டு தொடர்ந்தாள்.

இருட்டில் ஹால் ஆள் ஒருவன் வந்தான். முன்பு பேசியவன்தான் கத்தினான் என்று நினைத்து நேராகத் தணிகாசலத்திடம் போனான். “பெரியவரே, எழுந்து வெளிய வாங்க.”

தணிகாசலம் என்னைப் பார்த்தான். நான் மேடையைப் பார்த்தேன். அவன் எழுந்து போனான்.

முடிந்ததும் மேனகாவைச் சுற்றிக் கூட்டம். “கடல்ல வெயில் மினுங்கற மாதிரிம்மா” என்றாள் அழுத அம்மாள். சொல்தா உச்சுக் கொட்டினார். “அந்த நிசப்தம்தாம்மா உயிரு. அந்தக் கெழவன் கெடுத்துட்டான்.”

மேனகா நேராக என்னிடம் வந்தாள். “தணிகாசலம் மாமாவ ஏம்பா கூட்டியாந்த? அந்த எடத்துக்குத்தான் ஆறு மாசம் பழகுனேன்.”

“அவன் இல்ல. நான்தான்.”

“அப்ப அவரு ஏன் போனாரு?”

“அவன்னு நெனச்சு எழுப்புனாங்க. நான் சும்மா இருந்துட்டேன்.”

“கத்துனது போவட்டும்பா” என்றாள். மிச்சத்தைச் சொல்லவில்லை. விறுவிறுவென்று வெளியே நடந்தாள். நான் பின்னால் போனேன்.

தணிகாசலம் எதிரே கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான்.

“தணிகா, நான் சொல்லிட்டேன்டா” என்றேன்.

“இப்ப சொல்லி? அதான் வெளிய தள்ளிட்டானே” என்றான். பிறகு அவனே சிரித்தான். “எனக்கும் அறுந்த மாதிரிதான்டா கேட்டுது. வாயத் தொறந்தேன், நீ முந்திக்கிட்ட.”

மேனகா சிரிக்கவில்லை. “உள்ள வாங்க மாமா. அந்த எடத்த உங்களுக்கு வாசிக்கிறேன்.”

காலி ஹாலில் அவனை முதல் வரிசையில் உட்கார வைத்தாள். நான் பின்னால் நின்றேன். சத்தம் மெலிந்தது, இழையானது, நின்றது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த நிசப்தத்தில் கடல் சத்தம் உள்ளே வந்தது. அப்புறம்தான் அடுத்த சொட்டு விழுந்தது.

“எப்படி இருந்துச்சு மாமா?” என்று அவனைக் கேட்டாள்.

என்னைக் கேட்கவில்லை.