பின் சீட்டுப் பள்ளம்

நாராயணவனத்துப் பக்கம் ஒரு ஜமீன் வீட்டில் கிடந்த பழைய சீமைக் காரை என் வீட்டுக்காரர் வேதாச்சலம் வாங்கி வந்தபோது, நகரியில் எங்கள் தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. மெக்கானிக்கை அவர் கிட்டவே விடமாட்டார். கார்புரேட்டரைத் தானே கழற்றுவார், பிளக்கைத் தானே தேய்ப்பார். மண்ணெண்ணெயில் கழுவிய திருகாணிகளை என் முறத்தில்தான் காயப்போடுவார், கேட்டால் கோபம் வேறு.

ஒன்று மட்டும் அவர் கைக்கு அடங்கவில்லை. புத்தூரில் நாராயணவனம் ரோடு பிரிகிற முனைக்கு வந்தால் கார் தானாக நின்றுவிடும். நின்றதும் பின் சீட்டின் இடது பக்கம், யாரோ உட்கார்ந்த மாதிரி மெல்ல அமுங்கும். ஸ்பிரிங்கை மாற்றினார். தேங்காய் நாரைப் புதிதாகத் திணித்தார். அப்போதும் அமுங்கியது.

ஜமீனில் டிரைவராக இருந்த துலுக்காணம் ஒருநாள் வந்தபோது விசாரித்தேன். ஜமீன்தார் மெட்ராஸில் சனிக்கிழமை செத்தாராம். வழியில் யாரும் மறிக்கக் கூடாதென்று, உயிரோடிருப்பவர் போல அந்தச் சீட்டில் சாய்த்து, அந்த முனை வழியாக ஊருக்குக் கொண்டுவந்தார்களாம். கூடவே கோழிக்குஞ்சு கட்டினீர்களா என்று கேட்டேன். சனிக்கிழமைப் பிணத்தோடு ஒரு குஞ்சை அனுப்பாவிட்டால் அது மனிதரைத் துணைக்குத் தேடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

"அவசரத்துல மறந்துட்டோம்மா," என்றான் துலுக்காணம்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "செத்தவனுக்குக் கார்புரேட்டர்ல இன்னாடி வேலை?"

அந்த வருஷம் திருத்தணி ஆந்திராவுக்கா மெட்ராஸுக்கா என்று இழுபறி. ஊர்வலம், கடையடைப்பு. பஸ் ஓடாத ஒரு நாளில்தான் மகள் யசோதாவுக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். காரை விட்டால் கதியில்லை. அவருக்குத் தெரியாமல் ஒரு குஞ்சைக் காலில் கயிறு கட்டிக் கூடைக்குள் வைத்துக்கொண்டேன். யசோதாவை என் தோளில் சாய்த்து, இடது பக்கத்தைக் காலியாக விட்டேன்.

முனையில் கார் நின்றது. நல்ல வெயில். அவர் இறங்கிப் பானட்டைத் தூக்கினார். சீட்டு அமுங்கியது. முனகிக்கொண்டிருந்த யசோதா சட்டென்று அடங்கிப்போனாள்.

"வலி நின்னுடுச்சிம்மா," என்றாள். "இவரு யாரு? என் கையப் புட்சிக்கினு கீறாரு. சில்லுனு கீது."

குஞ்சை எடுத்து அந்தப் பள்ளத்தில் வைத்தேன்.

"உங்க தொணை இதுதாங்க. என் பொண்ணு கைய வுட்டுடுங்க."

குஞ்சு ஒரு தரம் கத்தியது. முன் சீட்டில் ஆளே இல்லை; என்ஜின் கிளம்பியது. யசோதா அலறினாள். வலி திரும்பிவிட்டது. ஸ்பேனரும் கையுமாக நின்ற அவர், பானட்டை மூடிவிட்டு வந்து ஏறினார்.

திருப்பதியில் பேரன் பிறந்தான். தாயும் பிள்ளையும் நலம் என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் காருக்குத் திரும்பினோம். கண்ணாடிகள் ஏற்றியபடியே இருந்தன. சீட்டு சமமாக இருந்தது. அதன்மேல் கயிறு மட்டும் கிடந்தது, போட்ட முடிச்சு அவிழாமல்.

அதற்குப்பின் கார் அந்த முனையில் நிற்பதில்லை. இப்போதும் எல்லா வேலையும் அவர்தான் பார்க்கிறார். சனிக்கிழமை மட்டும் கார் கொட்டகைப் பக்கம் போவதில்லை. முதலில் பின் சீட்டுக்குள் ஒரு குஞ்சு கீச்சு கீச்சென்று கத்துவது கேட்டது. சீட்டைக் கழற்றிப் பார்த்தார், நாரைத் தவிர எதுவும் இல்லை. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான்.

போன சனிக்கிழமை அது கூவியது.