சவரிராயன் கையில் அணைந்த லைட்

"ஒரு ரப்பர் வளையத்துக்கு கிரீஸ் தடவ உனக்குக் கை வலிச்சுதாம்மா? அதுக்கு என் வீட்டுக்காரர்தான் கிடைச்சாரா?"

சுஜா இதை மூன்றாம் தடவையாகக் கேட்டாள். இடம், ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் ராசப்பன் வீட்டு வாசல். நேரம், திங்கட்கிழமை காலை ஒன்பதரை. முதல் தடவை கேட்டபோது எதிர்மாடியில் துணி காயப்போடுவது நின்றது. இரண்டாம் தடவைக்கு இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். மூன்றாம் தடவைக்கு, தோசை மாவு வாங்கப் போனவர்கள் மாவை மறந்துவிட்டு நின்றார்கள்.

பதில் சொல்ல வேண்டியவள் இளவேனில். எடமலைப்பட்டி புதூரிலிருந்து இரண்டு பஸ் மாறி அப்போதுதான் வந்து இறங்கியிருந்தாள். தோளில் பை அப்படியே தொங்கியது.

ராசப்பன், தண்ணீருக்குள் இறங்கிச் செய்கிற வேலைகளைக் காண்ட்ராக்ட் எடுப்பவர். கிணற்றில் விழுந்த மோட்டாரைத் தூக்குவது, குழாய் வாயில் அடைத்த குப்பையை அகற்றுவது, இந்த மாதிரி. அவருக்கு நீச்சல் தெரியாது என்பது தெருவுக்கே தெரியும். அவர் மனசு நோகும் என்று யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. இறங்குகிற ஆள் சவரிராயன், சுஜாவின் புருஷன். அவன் கொண்டு இறங்குகிற முகமூடி, காற்று ஹோஸ், தண்ணீருக்குள் எரியும் லைட் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துக் காப்பாற்றுகிறவள் இளவேனில். ஐந்து வருஷமாக அந்தப் பின்கட்டு அறைதான் அவள் ராஜ்ஜியம்.

சனிக்கிழமை நடந்தது இது. கொள்ளிடக் கரையில் ஒரு ஆலையின் தண்ணீர்க் கிணறு. நாற்பதடி ஆழம், மேலே கான்கிரீட் மூடி, உச்சி வெயிலிலும் உள்ளே கும்மிருட்டு. காலை ஆறு மணிக்கே அவசரம் என்று போன் வர, இளவேனில் வரும்வரை காத்திருக்காமல் ராசப்பனே சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மேலே லைட்டைப் போட்டுப் பார்த்தார்கள், பளிச்சென்று எரிந்தது. சவரிராயன் அடிக்குப் போய், குப்பை அடைத்த குழாய் வாய் வலையில் கைவைத்த நேரம் லைட் மங்கியது, இரண்டு தடவை மினுக்கியது, அணைந்தது. காற்று ஹோஸ் எங்கோ ஒரு கம்பியில் மாட்டிக்கொண்டது. எந்தப் பக்கம் என்று பார்க்க வெளிச்சம் இல்லை. தடவித் தடவி அதை விடுவித்து, கயிற்றை இழுத்துச் சைகை காட்டி, மேலே வரும்போது படிக்கம்பியில் நெற்றி இடித்து, தில்லை நகர் கிளினிக்கில் ஆறு தையல்.

ராசப்பன் அன்று சாயங்காலமே ஒரு காரியம் செய்தார். ராமேஸ்வரம் முதல் சென்னை வரைக்கும் இந்தத் தொழிலில் இருக்கிற நூற்றைம்பது பேர் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறார்கள். அதில் தொண்டையைச் செருமிக்கொண்டு குரல் பதிவு போட்டார். லைட்டுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது, கிரீஸ் வைக்க வேண்டிய பெண் மறந்துவிட்டது, ஆண்டவன் புண்ணியத்தில் ஆள் பிழைத்தான் என்று. பெயரையும் மறக்காமல் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இளவேனிலுக்கு போன் வந்துகொண்டே இருந்தது. தூத்துக்குடியில் ஒரு கம்பெனிக்காரர், தையில் வேலைக்கு வரச் சொல்லியிருந்தவர், "கொஞ்சம் பாத்துட்டுச் சொல்றேம்மா" என்றார். அவர் எதைப் பார்க்கப் போகிறார் என்று அவளுக்குத் தெரியாதா? இந்தத் தொழிலில் ஒரு தடவை அந்தப் பேர் ஒட்டிவிட்டால், அந்தக் கை தொட்ட சாமானோடு எவனும் இறங்கமாட்டான்.

அவளோ மறக்கிற ரகம் இல்லை. வேலை முடிந்து லைட் வந்ததும் நல்ல தண்ணீரில் ஊறப்போடுவாள். துடைத்துக் காயவைத்து, மூடியைத் திருகிக் கழற்றி, தண்ணீர் புகாமல் தடுக்கிற ரப்பர் வளையத்தை நகத்தால் அலுங்காமல் எடுப்பாள். ஒரு தலைமுடி, ஒரு மணல், ஒரு பஞ்சு இழை ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். பிறகு சிலிக்கான் கிரீஸை வளையம் மினுமினுக்கிற அளவுக்கு மட்டும் தடவி, மூடி, வாளித் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிறதா என்று நூறு எண்ணுவாள். பெண் பார்க்க வந்தவர்களைக்கூட அவள் இந்தப் பார்வை பார்த்ததில்லை என்று அவள் அம்மா குறைப்படுவதுண்டு. ஒரு ஆளுக்கு இரண்டு லைட் வேண்டும், ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தவளும் அவள்தான். "ஒத்த ஆளுக்கு எதுக்கும்மா ரெண்டு லைட்டு, மாப்பிள்ளை ஊர்வலமா போறான்" என்று ராசப்பன் சிரித்துத் தட்டிக்கழித்துவிட்டார்.

இப்போது அவர் வாசற்படியில் காபி டம்ளரோடு நின்று, சுஜாவுக்கு ஆமாம் போட்டுக்கொண்டிருந்தார். சின்னப் பெண், கவனம் போதவில்லை, எப்போது பார்த்தாலும் காதில் பாட்டு என்று பெருந்தன்மையாக விளக்கம் வேறு.

இளவேனிலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாட்டு கேட்பதாம். ஆனால் அவள் அவரிடம் பேசவில்லை, சுஜாவிடம்தான் பேசினாள்.

"சுஜாக்கா, லைட்டு எங்க இருக்கு?"

லைட் சுஜாவின் கட்டைப்பையில்தான் இருந்தது. சவரிராயன் மணிக்கட்டில் பட்டையோடு மாட்டியிருந்ததை நர்ஸ் கழற்றிக் கொடுத்திருந்தாள். ராசப்பன் மூஞ்சியில் எறிவதா, இளவேனில் மூஞ்சியில் எறிவதா என்று முடிவாகாமல் அதைப் பாலக்கரையிலிருந்து சுமந்து வந்திருந்தாள் சுஜா. சவரிராயனும் வந்திருந்தான், தலைக்கட்டோடு தெருமுனை ஆட்டோவில் உட்கார்ந்திருந்தான். இறங்கக்கூடாது என்பது வீட்டு உத்தரவு.

"நான் திறக்கிறேன். எல்லாரும் பாருங்க. வளையத்துல கிரீஸ் இல்லாம நான் மூடியிருந்தா, இன்னியோட இந்தத் தொழிலை விட்டுடறேன்."

அதெல்லாம் எதற்கு, தெருவில் வைத்து, என்று ராசப்பன் இறங்கி வந்தார். சுஜா பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள். எறிவது யார் மேல் என்பதில் அந்த நொடி அவளுக்கு ஒரு தெளிவு வந்திருக்க வேண்டும். லைட்டை எடுத்து இளவேனிலிடம் நீட்டினாள்.

ராசப்பன் மனைவி பொன்னுத்தாய் உள்ளேயிருந்து ஒரு எவர்சில்வர் தட்டு கொண்டுவந்தாள். தண்ணீர் பட்ட பேட்டரி உள்ளே வாயு கட்டியிருக்கும், மூடி தெறித்து முகத்தில் அடிக்கும் என்று இளவேனில் கூட்டத்தை விலகச் சொன்னாள். லைட்டின் வாயைக் காலி மனை பக்கம் திருப்பி, அரைத் திருகு, கால் திருகு என்று கழற்றினாள். புஸ்ஸென்று ஒரு சத்தம். தட்டில் ஊற்றினாள்.

தண்ணீர் சிவப்பாக விழுந்தது.

துரு என்றார் இஸ்திரிக்காரர். துரு இப்படி மஞ்சள் குங்குமக் கடை வாசம் அடிக்காது. வளையத்தில் கிரீஸ் பொட்டுகூட இல்லை, யாரோ துணியால் அழுத்தித் துடைத்திருந்தார்கள். வளையம் உட்காரும் பள்ளத்தில் சந்தனம் காய்ந்து கல்லாகி நின்றது. அதன் மேல் குங்குமம். பேட்டரி மூன்றுக்கும் தலைக்கு ஒரு பொட்டு, கரைந்தும் கரையாமலும்.

போன வாரம் ஆயுத பூஜை. பூஜைக்கு முதல் நாள் இளவேனில் எல்லாவற்றையும் மூடி அலமாரியில் வைத்துவிட்டு லீவில் போனாள்; சனிக்கிழமைதான் திரும்ப வேண்டியவள். பூஜை நடந்தது இந்த வீட்டில். இதற்கு மேல் யாருக்கும் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை.

அப்போதாவது ராசப்பன் வாயை மூடியிருக்கலாம். "சாமிக்கு வெச்ச பொட்டைக் குத்தம் சொல்றியா நீ? சரஸ்வதி கையில இருந்த பொருளு அது." சொல்லிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார். அவர் கெட்டிக்காரர்தான். நான்கைந்து தலைகள் தம்மையறியாமல் ஆடின. சாமி விஷயத்தில் விளையாடக்கூடாது என்று மூன்றாம் வீட்டுப் பெரியவர் பொதுவாகச் சொல்லிவைத்தார்.

"நான் சாமியைச் சொல்லலைண்ணே" என்றாள் இளவேனில். குரல் இறங்கவில்லை. "வெளியில எத்தனை பொட்டு வேணா வைங்க, நானே வெச்சுருப்பேன். மூடியை எதுக்குத் திறந்தீங்க? திறந்தவங்க எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, என் பேரை எதுக்கு ஊரெல்லாம் சொன்னீங்க?"

யார் திறந்தது என்று சுஜா கேட்டாள். பதில் வந்த இடம் யாரும் எதிர்பாராதது.

"நான்தான்" என்றாள் பொன்னுத்தாய். தட்டு இன்னும் அவள் கையில் இருந்தது. "போன வருஷம் கம்ப்ரஸருக்கு வெளியில மட்டும் பொட்டு வெச்சோம், பிஸ்டன் போயிடுச்சு. உள்ள வெக்காததுதான் காரணம்னு இவரு சொன்னாரு. இந்தத் தடவை எல்லாத்தையும் தொறந்து உள்ள வைன்னாரு. வளையம் பிசுபிசுன்னு அழுக்கா இருந்துச்சு, முந்தானையால தொடைச்சேன். அது மருந்துன்னு எனக்குத் தெரியாதும்மா. இவரு பக்கத்துலயே நின்னாரு, இவருக்குத் தெரியும்."

ராசப்பன் அவளை உள்ளே போகச் சொன்னார். அவள் போகவில்லை. இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவர் சொல்லி அவள் கேட்காதது அதுதான் முதல் தடவை என்று எதிர்மாடியில் பேச்சு. அவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

குரூப்பில் போட்டதைக் குரூப்பிலேயே மாற்றிச் சொல்ல வேண்டும் என்றாள் இளவேனில். வேறு எதுவும் வேண்டாம். ராசப்பன் பார்க்கலாம் என்றார், நெட் இல்லை என்றார், சாயங்காலம் என்றார். ஆட்டோவிலிருந்து சவரிராயன் உத்தரவை மீறி இறங்கி வந்தான். நின்று மூச்சு வாங்கினான். "கீழ எனக்கு ஒண்ணும் தெரியலண்ணே. என் கையே தெரியல" என்று மட்டும் சொன்னான்.

பொன்னுத்தாய் தட்டைக் கீழே வைத்தாள். புருஷன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தாள். எந்தப் பொத்தான் என்று இளவேனிலிடம் கேட்டாள். இளவேனில் காட்டினாள்.

"நான் ராசப்பன் வீட்டுக்காரி பேசறேன். அந்த லைட்டைத் தொறந்து கெடுத்தது நாங்க. அந்தப் பொண்ணு கை சுத்தமான கை." கொஞ்சம் யோசித்து, "எல்லாருக்கும் வணக்கம்" என்றும் சேர்த்தாள். விரலை எடுத்தாள். போயிற்று, நூற்றைம்பது பேருக்கும்.

சுஜா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அது அவள் பழக்கமில்லை. சாப்பிட்டாயா என்று இளவேனிலைக் கேட்டாள். இல்லை என்றதும் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பை இன்னும் தோளில்தான் இருந்தது. அதன் பிறகு இளவேனில் மேலூர் ரோட்டுக்கு வேலைக்கு வரவில்லை.

தூத்துக்குடிக்காரர் அன்று மாலையே கூப்பிட்டார். தை பிறந்ததும் போனாள். மறு வருஷம் அங்கேயே ஆசீர் என்று, கடலுக்குள் இறங்குகிற ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள்; வேதக்காரப் பையன், சர்ச்சுக்குப் போகிறவன் என்று அவள் அம்மா ஒரு வாரம் அழுது, எட்டாம் நாள் புடவை எடுக்கக் கிளம்பினாள். சவரிராயன் தண்ணீரை விட்டுவிட்டு மணப்பாறையில் மச்சான் வீட்டோடு போய்விட்டான், முறுக்குச் சரக்கு வண்டி ஓட்டுகிறானாம். பொன்னுத்தாய் மகள் பிரசவத்துக்கு என்று கோயம்புத்தூர் போனாள். பேரனுக்கு இப்போது மூன்று வயது, அவள் இன்னும் திரும்பவில்லை.