வெற்றி மெட்டுக்கு ஒரு டிரம்பெட்

டிரம்பெட்காரர் காலையிலிருந்து கோட்டுக்கு மூன்று தடவை இஸ்திரி போட்டுவிட்டார். மாமனார் கச்சேரிக்கு வருகிறார்.

கச்சேரி என்றால் சாதாரணக் கச்சேரி இல்லை. மேடை நடுவில் ஒருவர் உட்கார்ந்து வீடியோ கேம் ஆடுவார். பின்னால் பெரிய திரையில் அது ஓடும். குட்டி வீரன் காட்டுக்குள் போனால் பக்கத்திலிருக்கும் வாத்தியக்குழு காட்டு மெட்டு வாசிக்கும், குகைக்குள் போனால் குகை மெட்டு, செத்தால் ஒப்பாரி. குழுவை நடத்தும் மாஸ்டர் திரையைப் பார்த்து விரலைக் காட்டுவார், இவர்கள் மெட்டை மாற்றுவார்கள்.

டிரம்பெட்டுக்கு இதில் ஒரே ஓர் இடம்தான். கடைசி அரக்கனைக் கொன்றதும் வரும் வெற்றி மெட்டு. அந்த அரக்கனைத்தான் யாரும் கொன்ற பாடில்லை. ஆடுகிறவர் மாஸ்டருடைய மனைவியின் தம்பி. குழுவே அவரை மச்சான் என்றுதான் கூப்பிடும். அரக்கனைக் கண்டதும் அவருக்குக் கை உதறும். வீரன் சுவரில் முட்டிக்கொண்டு சாவான். ஆளை மாற்றினால் என்ன என்று வயலின்காரம்மா ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

"நான் வீட்டுக்குத் திரும்பிப் போகணுமா வேணாமா?" என்றார் மாஸ்டர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆக, டிரம்பெட்காரர் ஒவ்வொரு கச்சேரிக்கும் கோட்டுக்கு இஸ்திரி போட்டு, டிரம்பெட்டைப் பளபளவென்று துடைத்து, பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிட்டு வருவார். இது எப்படியோ மாமனார் காதுக்கு எட்டிவிட்டது.

"சும்மா உக்காந்துட்டு வர்றதுக்கு மாப்ளைக்கு எதுக்கும்மா கோட்டு?" என்று மகளிடம் கேட்டாராம். மகளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஒரு நாள் வந்து பாத்துட்டு அப்புறம் பேசுங்கப்பா" என்று டிக்கெட்டைக் கையில் திணித்துவிட்டாள். வந்தால் பார்க்க என்ன இருக்கிறது என்று அவள் யோசிக்கவில்லை.

டிரம்பெட்காரர் மச்சானை மேடைக்குப் பின்னால் ஓரங்கட்டினார். "மச்சான், இன்னிக்கு மட்டும் ஜெயிச்சிடுங்க. என் மானம் உங்க கையிலதான் இருக்கு."

"என் கையே என் கையில இல்லண்ணே" என்றார் மச்சான்.

மாமனார் முதல் வரிசையில், நட்டநடுவில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். காட்டு மெட்டு போனது, குகை மெட்டு போனது. அவர் பார்வை மருமகனை விட்டு நகரவில்லை. டிரம்பெட்காரர் பொத்தான்களை அமுக்கி அமுக்கி ஏதோ வேலை நடப்பதுபோல் காட்டினார். அவருக்கே அவமானமாக இருந்தது.

அரக்கன் வந்தான். மச்சான் கண்ணை இறுக மூடிக்கொண்டு எல்லாப் பொத்தானையும் ஒரே சமயத்தில் அழுத்தினார். குருட்டாம்போக்கில் வாள் சுழன்றது. அரக்கன் தடாலென்று சரிந்தான்.

மாஸ்டர் விரலைக் காட்டவில்லை. அரக்கனுக்கு இன்னோர் உயிர் உண்டு என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவ்வளவு தூரம் யாரும் போனதில்லையே, அதனால் சொல்லி வைக்கவில்லை. டிரம்பெட்காரர் விரலுக்கெல்லாம் எங்கே காத்திருக்கப் போகிறார்? எழுந்தார். ஊதினார். ஊதாமல் விட்ட கச்சேரிகளுக்கெல்லாம் சேர்த்து ஊதினார். கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் அடித்துப் பிடித்து எழுந்தார்கள். மாஸ்டர் இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றார். இன்னும் பலமாக என்கிறார் போலிருக்கிறது என்று இவர் இன்னும் பலமாக ஊதினார்.

வெற்றி மெட்டு காதில் விழுந்ததும் மச்சான் கண்ணைத் திறந்தார். மெட்டு பொய் சொல்லாது என்று நம்பிய அப்பாவி. கையிலிருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டு, மேடை முன்னால் வந்து, கூட்டத்துக்குக் குனிந்து வணக்கம் போட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் அரக்கன் மெல்ல எழுந்து, வீரனைத் தூக்கி வாயில் போட்டுக்கொண்டான்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வாத்தியக்குழு பழக்க தோஷத்தில் ஒப்பாரியைத் தொடங்கியது.

கச்சேரி முடிந்து மாமனார் மகளோடு உள்ளே வந்தபோது டிரம்பெட்காரருக்குத் தலை நிமிரவில்லை. "மாமா, அது வந்து..." என்று இழுத்தார்.

மாமனார் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "உங்களைத் தப்பா நினைச்சுட்டேன் மாப்ளே. செத்து விழுந்தவனையே ஊதி எழுப்பிட்டீங்களே! வேற யாரால முடியும்?"

மனைவி எதையோ விளக்க வாயைத் திறந்தாள். டிரம்பெட்காரர் அவள் காலை மெதுவாக மிதித்தார். "ஆமாம்ப்பா" என்றாள் அவள்.

"ஆனா ஒண்ணு மாப்ளே" என்று மாமனார் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த தடவை கொஞ்சம் பாத்து ஊதுங்க. பாவம், அந்தக் குட்டிப் பையனைத் தின்னுட்டான்."