அமாவாசையன்று ஓடிய ஏழாம் தறி

எனக்கு யாரையும் லேசில் நம்பும் பழக்கம் கிடையாது. பட்டு நூலை எடைபோட்டுக் கொடுத்து, சேலையை எடைபோட்டு வாங்குகிறவன் நான். பெரிய காஞ்சிபுரத்தில் இருக்கும் என் தறிக்கூடத்தில் எந்தத் தறி ஓடுகிறது, எது சும்மா கிடக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்தபடியே தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

சென்னைக் கம்பெனி ஒன்று சொன்ன விலைக்கு இன்னொரு கூடமே கட்டிவிடலாம். முசரவாக்கத்து லோகேஸ்வரன் அதைக் கேட்டுச் சிரித்தான். கம்ப்யூட்டர் வேலையைச் சொந்தமாகச் செய்கிறவன். சைக்கிளில் வேகம் காட்டும் மீட்டருக்கு வைக்கிற காந்தத்தை, ஒவ்வொரு தறியிலும் நூலை அடித்து இறுக்கும் பலகையில் ஒட்டினான். நெசவாளி பலகையை இழுத்து அடிக்கும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி அதை எண்ணும். பழைய போன் ஒன்று எல்லாக் கணக்கையும் வாங்கி இணையப் பக்கத்தில் ஏற்றும். தறிக்கு ஒரு கட்டம். மாத முடிவில் அடி போதிய அளவு விழுந்திருந்தால் பச்சை, குறைந்தால் சிவப்பு.

"இவ்ளோ சல்லிசா முடியுதே, எதுலப்பா ஓட்டை வச்சிருக்க?"

"ஓட்டையெல்லாம் இல்ல சார். வூட்ல சும்மா கெடந்த போன், ஓசில கெடைக்கிற சாஃப்ட்வேர். எதுக்குக் காசைக் கொட்டணும்?"

சிரித்துக்கொண்டே சொன்னதால் சந்தேகம் கூடியது. பாஸ்வேர்டை அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நானே போட்டேன்.

நெசவாளர்களைக் கூப்பிட்டு ஒரே ஒரு விதி சொன்னேன். தொடர்ந்து மூன்று மாதம் சிவப்பு என்றால் தறி வேறு ஆளுக்குப் போகும், யாராக இருந்தாலும் சரி.

ஏழாம் தறி துர்காதேவியுடையது. சிக்குன்குனியா வந்து போனதிலிருந்து அவள் மணிக்கட்டு வீங்கியே இருந்தது. தறி போனால் பிள்ளைகள் படிப்பு நின்றுவிடும் என்று என் மனைவி மஹாலட்சுமியிடம் அழுதிருக்கிறாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஒருத்திக்கு விட்டால் எல்லோரும் வந்து நிற்பார்கள். இரண்டு மாதம் சிவப்பு. மூன்றாவதும் அப்படித்தான் முடியும் என்று வேறு ஆள்கூடப் பார்த்துவிட்டேன். சாப்பிடும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து மஹாலட்சுமியிடம் காட்டவும் செய்தேன். அவள் ரசம் ஊற்றிவிட்டுப் போனாள்.

மாதம் பச்சையில் முடிந்தது.

துருவிப் பார்த்தேன். அமாவாசையன்று மதியம் ஏழாம் தறி ஓடியிருக்கிறது! அமாவாசையில் எங்கள் பக்கம் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். கூடம் பூட்டிக் கிடக்கும். சாவி என் வீட்டுப் பூஜை அலமாரியில் தொங்கும்.

முதலில் லோகேஸ்வரனைப் பிடித்தேன். "அந்தம்மா கிட்ட எதுனா வாங்கிக்கினு பச்ச அடிச்சியா?"

"இன்னா சார் நீங்க! பலகை வந்து அடிச்சாதான் எண்ணும். யாரோ ஒக்காந்து நெய்திருக்காங்க."

துர்காதேவியைக் கேட்டேன். "எனக்குத் தெரியாது மொதலாளி" என்றாள், தரையைப் பார்த்தபடி. மறுநாள் வந்து பார்க்கும்போது தன் சேலை ஒரு சாண் வளர்ந்திருப்பது ஒரு நெசவாளிக்குத் தெரியாதா? அது கரையைத் தனியாகக் கோக்கும் கோர்வைச் சேலை இல்லை, நெய்ய ஒற்றை ஆள் போதும். கள்ளச்சாவி போட்டு யாரையோ உள்ளே விடுகிறாள் என்று முடிவு கட்டினேன். கையும் களவுமாகப் பிடித்தால் அன்றே அனுப்பிவிடலாம். வீட்டில் மூச்சுவிடவில்லை. மஹாலட்சுமிக்கு இளகின மனசு, போய்ச் சொல்லிவிடுவாள்.

அடுத்த அமாவாசை வந்தது. சர்வதீர்த்தக் குளத்தில் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்து, வடை பாயசத்தோடு சாப்பிட்டேன். அதற்குப் பிறகு நான் படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டேன் என்று பெயர். அன்று கண்ணை மட்டும் மூடிக்கொண்டு கிடந்தேன். மஹாலட்சுமி செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே போகும் சத்தம் கேட்டது. காமாட்சியம்மன் கோயிலுக்காக இருக்கும். கொஞ்ச நேரம் கழித்துப் போனைப் பார்த்தால், ஏழாம் தறியில் எண் ஏறிக்கொண்டிருந்தது.

சட்டைகூடப் போடாமல் ஓடினேன். கூடத்துக் கதவு ஒருக்களித்திருந்தது. பூட்டில் தொங்கியது கள்ளச்சாவி இல்லை, மஞ்சள் கயிறு கட்டிய என் சாவிதான்.

உள்ளே ஏழாம் தறியில் மஹாலட்சுமி உட்கார்ந்திருந்தாள். அப்பா வீட்டில் நெய்துகொண்டிருந்தவள். முதலாளி பெண்டாட்டி தறியில் உட்காரக் கூடாது என்று கல்யாணமானதும் நான்தான் நிறுத்தினேன். கை ஒன்றையும் மறக்கவில்லை. அத்தனை வேகம்.

"அமாவாசையும் அதுவுமா இன்னா காரியம் பண்ற!"

அவள் நிறுத்தவில்லை. "மத்த நாள்ல அவ ஒக்காந்துக்கினு இருக்கா. இன்னிக்குத்தான் தறி காலியா இருக்குது."

"திருட்டுத்தனமா?"

"நீங்க சந்தேகப்படாத ஆளு ஊர்ல நான் ஒருத்திதான். அதான் நானே வந்தேன்."

அவமானமாக இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. "நெய்யணும்னா உம் பேர்ல நெய்யி! அடுத்தவ கட்டத்துல அடிக்காத!"

"அப்போ ஒரு தறி குடுங்க" என்றாள்.

வாயை விட்டுவிட்டேன், வேறு வழியில்லை. கடைசித் தறி ஆளில்லாமல் கிடந்தது. லோகேஸ்வரன் அந்தக் கட்டத்தில் மஹாலட்சுமி என்று பெயர் போட்டான். முதல் மாதம் துர்காதேவி சிவப்பு. மஹாலட்சுமியும் சிவப்பு. இரண்டாவது மாதமும் அப்படியே. மூன்றாவது மாதமும் இரண்டு கட்டமும் சிவப்பில் முடிந்த அன்று நான் கூடத்துக்குள் நுழைந்ததும் எல்லாத் தறியும் நின்றது. துர்காதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மஹாலட்சுமியும் தறியிலிருந்து எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"எங்க ரெண்டு பேர் தறியும் இனிமே யாருக்குன்னு சொல்லுங்க" என்றாள்.

அத்தனை பேர் கண்ணும் என் மேல். போனை எடுத்து லோகேஸ்வரனைக் கூப்பிட்டேன்.

"அந்தச் சிவப்பை எடுத்துருப்பா."

"வேற இன்னா கலர் சார் போடறது?"

"எதுவும் வேணாம். எண்ணு மட்டும் இருந்தாப் போதும்."

துர்காதேவி மறுபடி தறியில் உட்கார்ந்தாள். மஹாலட்சுமியும் தன் இடத்துக்குப் போனாள். ஒரு மதியத்தில் ஒரு சாண் நெய்தவளுக்கு மூன்று மாதமும் எப்படிச் சரியாகக் குறைந்தது என்று எனக்குப் பலத்த சந்தேகம் இருக்கிறது. இன்னும் அவளிடம் கேட்கவில்லை.