மூன்றாவது நாற்காலி

இப்போதெல்லாம் செத்தவன் சாம்பலைக் கரைத்த ஈரம் வேட்டியில் காய்வதற்குள் ஆளுக்கொரு தட்டு நண்டு கேட்கிறார்கள். வெட்கம் என்று ஒன்று இருந்தது. அதையும் சேர்த்துக் கரைத்துவிட்டார்கள் போல.

கண்மாய்க் கரையில் தகரக் கொட்டகை. 'மலேசியா நண்டுக் கறி, மலிவு விலை' என்று பலகை. பெரியவர் காளைக்கு முன்னால் ஒரு தட்டை வைத்தான் செத்த தம்பியின் மகன் அழகுராஜா. தேங்காய்ப்பால் வாசம் மூக்கைத் துளைத்தது. நண்டென்றால் காளைக்கு உயிர். அதனால் ஆத்திரம் கூடியது.

"கருமாதி முடியாம கவிச்சி திங்கிறது எந்த ஊரு வழக்கம்டா?"

"அப்பாவுக்குப் பிடிச்ச கடை பெரியப்பா. ஞாயித்துக்கிழமை தவறாம வருவாரு."

"உங்கப்பனுக்கு நண்டு பட்டாலே ஒடம்பு தடிச்சுப் போகும். பெத்த பிள்ளைக்கு அதுகூடத் தெரியல."

அழகுராஜா விழித்தான். "வீட்டுக்குப் பார்சல் கொண்டாந்து தருவாரே..."

குலசாமி கோயிலில் அண்ணனை முந்திக்கொண்டு முதல் திருநீறு வாங்கியவன் முத்திருளன். அதிலிருந்து ஒன்பது வருசமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. ஆஸ்பத்திரிக்கும் காளை போகவில்லை. கொள்ளி வைக்கும்போதுதான் முகத்தைப் பார்த்தார்.

கடைக்கார சூரியபிரகாஷ் மலேசியாவில் சட்டி கழுவி, சமைக்கக் கற்றுக்கொண்டு வந்தவன். கரண்டியோடு வந்து நின்றான்.

"அவரு தொடமாட்டாருய்யா. அவருக்கு ரசஞ்சோறுதான். எதுத்த நாற்காலிக்கு ஒரு தட்டு நண்டு வைக்கச் சொல்லுவாரு. அண்ணே வருவாருன்னு உக்காந்திருப்பாரு. ஆறிப்போனதும் கட்டிக் குடுன்னு வாங்கிட்டுப் போயிருவாரு."

"எந்த நாற்காலி?"

"இந்தா, நீங்க இருக்கிறதுக்கு மூணாவது."

காளை அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அண்ணேன்னா? இந்த ஊர்ல டீ ஆத்துறவன், பஸ் ஓட்டுறவன், எல்லாவனும் அண்ணேதான். பேரு சொன்னானா?"

"பேரு சொல்லலய்யா."

"வரச்சொல்லி யாருகிட்டயாச்சும் சொல்லிவிட்டானா?"

"அது தெரியாதுய்யா."

"அப்பறம் என்ன மயித்துக்கு வருவாருன்னு உக்காந்தான்?"

"அண்ணன் பேரை அப்பா எப்படிப் பெரியப்பா வாயால சொல்லுவாரு?" என்றான் அழகுராஜா மெதுவாக.

"நீ பேசாத. உனக்கு ஒண்ணுந் தெரியாது."

காளை எழுந்தார். எதையும் தொடாத கையைக் குழாயில் வெகுநேரம் தேய்த்துக் கழுவினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உசிலம்பட்டி பஸ்சுக்குக் கரையோரமாக நடந்தார்.

"பெரியப்பா, நான் ஊரு வரைக்கும் கொண்டுபோயி விடுறேன்," என்று பின்னாலேயே வந்தான் அழகுராஜா.

"எவனோ ஒரு அண்ணனுக்கு வாங்குனதை எனக்குன்னு சொல்லுறானுக," என்று தண்ணீரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார்.