சாயப்பட்டறையும் புளியங்கொட்டைகளும்

ஐம்பத்தாறாம் வருஷத்துச் சாரலில் தென்காசியே குளிர்ந்து கிடக்க, ஜாஹிராவுக்கு மட்டும் காது சுட்டது. பிள்ளைகளுக்கு வாந்தி பேதி என்றதும் ஊர்ப் பெரியவர்கள் ஒரே போடாகப் போட்டுவிட்டார்கள். அவள் வாப்பாவின் சாயப்பட்டறைதான் கிணற்றைக் கெடுக்கிறதாம். சாயங்காலம் பட்டறையை இழுத்துப் பூட்டப் போகிறார்களாம். பூட்டினால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?

"பட்டறைக் கிணத்துத் தண்ணியத்தான் நானும் குடிக்கேன். எனக்கு என்ன வந்துட்டு டீச்சர்?" என்று ஐந்தாம் வகுப்பில் எழுந்து கத்தியே விட்டாள்.

"கத்துனா எவன் கேப்பான்? கணக்கா காட்டுவோம், ஏட்டி" என்றாள் கோமதியம்மாள் டீச்சர். தரையில் சாக்கட்டியால் தெருக்களைக் கோடு இழுத்தாள். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு வட்டம். சுகமில்லாத ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த வீட்டில் ஒரு புளியங்கொட்டை.

அடேயப்பா, அன்றைக்கு வகுப்பு பட்ட பாடு! மத்தியானம் வீடு வீடாக ஓடி விசாரித்து வந்து, நான் முந்தி நீ முந்தி என்று கொட்டை வைத்தார்கள். ஜாஹிரா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பட்டறைக் கிணற்றைச் சுற்றிக் குவியவில்லை. எந்தக் கிணற்றைச் சுற்றியும் குவியவில்லை. ஊரெங்கும் இறைந்து கிடந்தன.

"அப்ப கிணத்தால வந்தது இல்லலே!" என்று துள்ளினான் பேச்சிமுத்து. "எங்க வீட்டுல எனக்கும் அண்ணனுக்கும் வந்துது, தங்கச்சிக்கு வரல. ஒரே கொடத்துத் தண்ணிதான் குடிக்கோம்."

"தங்கச்சிதான் பள்ளிக்கூடம் வரலயே!" என்றாள் ஜாஹிரா. சொன்னதுமே அவளுக்கு விளங்கிவிட்டது. கிடந்த கொட்டை அத்தனையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அவளைப்போல வீட்டுக்கு ஓடிப்போய்த் தண்ணீர் குடிக்கிறவர்கள்தான் தப்பியிருந்தார்கள்.

எல்லாக் கண்ணும் மூலையிலிருந்த குடிதண்ணீர் மண்பானைக்குப் போயிற்று.

டீச்சரின் முகம் செத்துப்போனது. சாரல் தொடங்கியதும் கிணற்றை விட்டு வாய்க்காலில் மொண்டு பானையை நிரப்பச் சொன்னவள் அவள்தான். குற்றாலத்து அருவித் தண்ணீர், மூலிகைத் தண்ணீர், நோய் அண்டாது என்று நம்பினாள். அருவிக்கும் வாய்க்காலுக்கும் நடுவே எத்தனை பேர் எண்ணெய் முழுகினார்கள், எத்தனை மாடு இறங்கியது என்று யார் நினைத்தார்கள்?

பானையைத் தூக்கி முற்றத்தில் கவிழ்த்தாள். "வாங்கலே எல்லாரும்!"

பட்டறை வாசலில் பெரியவர்கள் பூட்டோடு நின்றார்கள். ஜாஹிராவின் வாப்பா சேக் மைதீன் நீலம் பிடித்த கையைப் பிசைந்துகொண்டிருந்தார். டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே கிணற்றடிக்குப் போனாள்.

"தப்பு இங்கன இல்ல, எங்க பானையில. எல்லாத்தையும் சொல்லுதேன்" என்றாள். "அதுக்கு முந்தி ஒரு செம்பு தண்ணி தாங்க, அண்ணாச்சி. ஓடி வந்ததுல தாகமா இருக்கு."

வாப்பா அசையவில்லை. ஜாஹிராதான் ஓடிப்போய் வாளியில் தண்ணீர் இறைத்தாள். ஊரே பார்த்து நிற்க, டீச்சர் செம்பைத் தூக்கி அண்ணாந்து கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.