ஒரே தகட்டில் இரண்டு

நாலாவது ஃபியூஸும் போயிற்று. ஸ்விட்ச்சைப் போட்டதுதான் தாமதம், கண்ணாடிக் குழாய்க்குள் இருந்த மெல்லிய கம்பி கறுத்துக் காணாமல் போனது. நிகத் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு, மேசைமேல் கிடந்த அலுமினியத் தகட்டைப் பார்த்து, "நாசமாப் போ!" என்று மனசார வைதாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். மத்திகிரியில் எலக்ட்ரிக்கல் கடை ஒன்றுகூடத் திறந்திருக்காது. கையில் இருப்பது இன்னும் ஒரே ஒரு ஃபியூஸ். நாளைக் காலை பத்து மணிக்கு இந்தச் சாமான் ஃபோர்மேன் பூபதியின் மேசையில் வேலை செய்தாக வேண்டும்.

ஓசூரில் கன்ட்ரோல் பேனல் செய்யும் கம்பெனி ஒன்றில் நிகத்துக்கு ஒன்பது வருஷம். ஒன்பது வருஷமும் நின்றபடியே ஒயர் முடுக்குகிற வேலை. சாயங்காலம் கால் வீங்கிவிடும். டெஸ்டிங் அறையில் மட்டும்தான் நாற்காலி உண்டு. மீட்டர் வைத்துச் சோதிக்கிற வேலை. அங்கே ஓர் இடம் காலியானதும் பூபதி எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒயர் முடுக்கறது வேற, கரண்ட்ட புரிஞ்சிக்கறது வேற. வீட்ல உக்காந்து ஒரு பவர் சப்ளை செஞ்சிக் கொண்டாங்க. பிளஸ் பன்னண்டு வோல்ட், மைனஸ் பன்னண்டு வோல்ட். ரெண்டு ரெகுலேட்டரும் ஒரே தகட்டுல இருக்கணும். ரெண்டு பக்கமும் பத்து நிமிஷம் பல்ப் எரிஞ்சா அந்தச் சீட் உங்களுக்கு." நிகத் கை தூக்கினாள். "ஏம்மா, நீயுமா?" என்றார். கூட வேலை செய்கிற லைனே சிரித்தது. அந்தச் சிரிப்பு மீன்முள் மாதிரி அவள் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

ரெகுலேட்டர் என்பது மூன்று காலும் ஓர் உலோக முதுகும் உள்ள சின்னக் கறுப்புத் துண்டு. கூடக்குறைய வருகிற கரண்ட்டைச் சரியான அளவுக்குக் கட்டிப்போடும். வேலை செய்யும்போது சூடேறும் என்பதால் தகட்டில் வைத்து முடுக்க வேண்டும். பிளஸ் பக்கம் ஒரு தொல்லையும் இல்லை. மைனஸ்காரன்தான் பாடாய்ப் படுத்தினான். அவனுக்குக் கால்களின் வரிசையே வேறு. அது நிகத்துக்குத் தெரியும், சரியாகத்தான் கொடுத்திருந்தாள். தகட்டில் வைக்காமல் சும்மா விட்டால் மீட்டர் மைனஸ் பன்னிரண்டு காட்டுகிறது. தகட்டில் முடுக்கினால் ஃபியூஸ் காலி. இது என்ன அநியாயம்?

"சாப்ட்டுட்டுப் பாரேன்," என்றான் கணவன் ஜுபைர். ஜூஜுவாடி ஹைவேயில் தார்ப்பாய்க் கடை வைத்திருப்பவன். "அது எங்கயும் ஓடிப் போகாது."

"பேசாம இருங்க."

மீட்டரின் ஒரு முனையை ரெகுலேட்டரின் முதுகில் வைத்து, மறு முனையால் ஒவ்வொரு காலாகத் தொட்டுப் பார்த்தாள். நடுக்காலைத் தொட்டதும் பீப் என்றது. பிளஸ்காரனுக்கும் நடுக்கால்தான் பீப் என்றது. ஆனால் அவனுக்கு அது எர்த் கால். மைனஸ்காரனுக்கோ கரண்ட் உள்ளே வருகிற கால்!

"யா அல்லா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அந்த முதுகிலேயே கரண்ட் இருக்கிறது. அதைக் கொண்டுபோய் எர்த் செய்த தகட்டில் இறுக்கி முடுக்கினால் ஃபியூஸ் போகாமல் என்ன செய்யும்? தகட்டுக்கு எர்த் கொடுத்தது யார்? அவளேதான். கம்பெனியில் கதவோ தகடோ, உலோகம் என்று எதைக் கண்டாலும் முதலில் மஞ்சள்பச்சை ஒயரை மாட்டி எர்த் செய்ய வேண்டும். விட்டால் திட்டு விழும். ஒன்பது வருஷப் பழக்கம், யோசிப்பதற்கு முன்னால் கை செய்து முடித்துவிட்டது.

எர்த்தை எடுக்கக் கூடாது. எடுத்தாலும் பிளஸ்காரன் முதுகு வழியாகத் தகடு எர்த்தில்தான் நிற்கும். நடுவில் ஒரு தடுப்பு வேண்டும். சூட்டை விட வேண்டும், கரண்ட்டை விடக் கூடாது. மைக்காத் தாள். ஞாயிற்றுக்கிழமை மைக்காவுக்கு எங்கே போவது?

அவள் பார்வை அலமாரியில் இருந்த பழைய இஸ்திரிப் பெட்டிமேல் விழுந்தது. உள்ளே சூடேறுகிற கம்பியைச் சுற்றி மைக்காதானே இருக்கும்?

"அடியே, நல்லா இருக்கற பொட்டிய ஏன் பிரிக்கற?" ஜுபைர் அலறினான். "நாளைக்கு நான் கசங்கின சட்டையோட கடைக்குப் போகணுமா?"

"ஒரு நாளைக்குப் போங்க. எனக்காக."

 ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அடிப்பக்கத்தை அவனே கழற்றிக் கொடுத்தான்.

பளபளவென்று மைக்கா வந்தது. நகத்தளவு வெட்டி ரெகுலேட்டருக்கு அடியில் வைத்தாள். ஸ்க்ரூ வழியாகக் கரண்ட் தகட்டுக்குப் போய்விட்டால்? பால்பாயிண்ட் ரீஃபிலில் ஒரு துண்டு நறுக்கி ஸ்க்ரூவுக்கு உறை போட்டு, அதன் தலைக்கடியில் பிளாஸ்டிக் வாஷரும் வைத்தாள். முதுகுக்கும் தகட்டுக்கும் மீட்டர் வைத்தால் பீப் இல்லை. கடைசி ஃபியூஸை மாட்டி, பிஸ்மில்லா சொல்லி ஸ்விட்ச்சைப் போட்டாள். இரண்டு பல்பும் ஜம்மென்று எரிந்தன. ஜுபைர் விசில் அடித்தான்.

திங்கட்கிழமை அவளுக்கு முன்னால் இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேருக்கும் மைனஸ் பக்கம் ஃபியூஸ் போயிற்று. பூபதி காரணம் சொல்லாமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஒரே தகடு என்று அவர் சொன்னதே இந்தக் கண்ணிக்காகத்தான். நிகத்தின் பல்புகள் பத்து நிமிஷம் எரிந்தன, பதினைந்தும் எரிந்தன. அவர் குனிந்து பார்த்தார்.

"எர்த்தும் குடுத்திருக்க. நடுவுல என்னம்மா இது?"

"மைக்கா சார்."

"எங்க வாங்கின?"

"வாங்கல சார். எங்க வீட்டு இஸ்திரிப் பொட்டியப் பிரிச்சேன்."

பூபதி முதலில் முழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். லைனும் சிரித்தது. இந்தத் தடவை நிகத்தும் சேர்ந்து சிரித்தாள். அவர் டெஸ்டிங் அறைக் கதவைத் திறந்து, உள்ளே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா. இனிமே இது உன் சீட்."

டீ நேரத்தில் ஜுபைருக்குப் போன் போட்டாள். "ஏங்க, நான் உக்காந்துட்டேன்."

 லாரி இரைச்சலையும் மீறி அவன் பக்கத்துக் கடைக்காரனைக் கூப்பிட்டுக் கத்துவது அவள் காதைப் பிளந்தது:

"டேய் மாதேஷ்! என் சட்டை ஏன் கசங்கியிருக்குன்னு காலைலேர்ந்து கேட்டியே, இப்ப சொல்றேன், வந்து கேளு!"